குமரி மாவட்டத்தில் மாடுலர் வீடு: விலை பேசுவது முதல் குடியேறுவது வரை

தொழிற்சாலையில் சட்டமும் சுவர்ப் பலகையும் தயாராகி, லாரியில் வந்து இறங்கி, சில வாரங்களில் நம் புரையிடத்தில் (வீட்டுமனையில்) எழுந்து நிற்கும் மாடுலர் வீட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன விலை என்பதைத்தான். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் எண், பெரும்பாலும், பேஸ்மெண்ட் மட்டத்துக்கு மேலே நிற்கும் கூட்டின் விலை மட்டுமே. அஸ்திவாரம், செப்டிக் டேங்க், கிணறு அல்லது ஆழ்துளைக் குழாய், மின் இணைப்பு, லாரி வாடகை, கிரேன், படிக்கட்டு, சுற்றுச்சுவர், வெளி அடுக்களை ஆகிய எதுவும் அதில் இராது. வரியும் பல வேளைகளில் இராது.

குமரி மாவட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் மண் இது. கடலோரம் முழுவதும் உப்புக்காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்குக் காற்று. வறண்ட ஊர் ஒன்றில் பத்து ஆண்டுகள் குறையின்றி நிற்கும் வீடு இங்கே இரண்டாம் மழையிலேயே இணைப்புகளில் கசியக்கூடும். கூட்டின் அழகுக்குச் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டு, அஸ்திவாரம், கூரை விளிம்பு, இணைப்புகள் ஆகிய மூன்றுக்கும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பதே, பெற்றோருக்காகக் குலசேகரம் பக்கத்தில் 800 சதுர அடியில் இத்தகைய வீடு ஒன்றை எழுப்பிய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

எந்த ஊருக்கு எந்த வகை

சந்தையில் நான்கு வகைகள் புழங்குகின்றன. மெல்லிய துத்தநாகப் பூச்சு எஃகுச் சட்டத்தில் ஃபைபர் சிமெண்ட் பலகை பொருத்துவது ஒன்று. இரண்டு தகடுகளுக்கு நடுவே பஃப் எனும் பாலியூரித்தேன் நுரையோ தெர்மகோலோ ராக் உல் எனும் கல்நார்ப் பஞ்சோ அடைத்த சாண்ட்விச் பலகை இன்னொன்று. மூன்றாவது, கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்த சுவரும் தளமும். நான்காவது கப்பல் கண்டெய்னர். சென்னை பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 குடியிருப்புகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் எழுந்தவை. ஆனால் அந்த முறையின் சிக்கனம் எண்ணிக்கையில் இருக்கிறது. தனி வீடு ஒன்றுக்குக் கனத்த கான்கிரீட் பலகைகளை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவந்து பெரிய கிரேனால் தூக்கி வைப்பது நம் ஊர் முடுக்குகளில் பெரும்பாலும் நடவாத காரியம்.

குடியிருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது முதல் வகை. சுவர் கெட்டியாக இருக்கும். உள்ளே மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓட்டலாம். பின்னாளில் ஓர் அறை கூட்டவும் இயலும். சாண்ட்விச் பலகை விரைவில் முடியும், விலையும் குறையும். ஆனால் பஃப் நுரையில் தீப்பற்றினால் நச்சுப்புகை எழும். விறகடுப்பும் தென்னஞ்சிரட்டையும் தேங்காய்த் தொண்டும் எரியும் அடுக்களை நம் வீடுகளில் இன்னும் உண்டு. சாண்ட்விச் பலகையைத்தான் தேர்ந்தீர்கள் என்றால், ராக் உல் அடைத்ததைக் கேட்டு வாங்குங்கள். விறகடுப்பை வீட்டின் கூட்டோடு ஒட்டாமல், செங்கல் சுவரில் தனியே வையுங்கள். கண்டெய்னர் தோட்டத்தில் காவல் அறைக்கும் கடைக்கும் பொருந்தும், 2.44 மீட்டர் அகலத்துக்குள் உள்பலகையும் வைத்த பின் மிஞ்சும் இடத்தில் குடும்பம் நடத்துவது சிரமம்.

குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடல் பக்கத்தில் மனை இருந்தால் எஃகின் பூச்சைப் பற்றிக் கறாராகப் பேச வேண்டும். சட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு, கூரைத் தகட்டுக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சும் அதன் மேல் வண்ணமும் என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். "நல்ல தரமான எஃகு" என்று எழுதியிருக்கும் ஒப்பந்தத்தால் எந்தப் பயனும் இல்லை. அலை ஓசை கேட்கும் தொலைவில் இருக்கும் மனைக்கு எஃகுச் சட்ட வீட்டையே நான் பரிந்துரைக்க மாட்டேன்; அங்கே செங்கல்லும் கான்கிரீட்டும்தான் சரி. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பகுதிகளில் காற்றுதான் முதல் பகை. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி காற்றுச் சுமை கணக்கிட்டு, கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட தாளைக் கேளுங்கள். 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததைக் கண்ட மாவட்டத்தில் இந்தத் தாளைத் தயங்காமல் கேட்கலாம். கொடுக்கத் தயங்கும் நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

நிலமும் பத்திரமும்

நிலம் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். வாங்கப் போகிறீர்கள் என்றால், பத்திரச் செலவு, அரசின் வழிகாட்டி மதிப்பையும் உண்மை விலையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதன் மேல் 9 சதவீதம்: முத்திரைத் தீர்வையும் மாற்றத் தீர்வையும் சேர்த்து 7, பதிவுக் கட்டணம் 2. பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். ஐந்து சென்ட், சென்ட்டுக்கு இரண்டு லட்சம் என்று கொண்டால், பத்து லட்சத்துக்கு 90,000 ரூபாய். மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ எழுதினால் 80,000. நிலத்தை முதலில் வாங்கிப் பதிந்துவிட்டு, பிறகு வீடு வைத்தால் இந்த 9 சதவீதம் நிலத்துக்கு மட்டுமே. வீட்டோடு சேர்த்து வாங்கினால் வீட்டின் மதிப்புக்கும் அதே விகிதத்தில் கட்ட வேண்டும். நிலத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்திய பிறகே மீதியை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே சில ஆவணங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து மூலப்பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. படித்துச் சொல்லத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டி எல்லையையும் பங்குரிமையையும் உறுதிசெய்யுங்கள். 2016 அக்டோபர் 20-க்குள் பதிவாகி, வரன்முறைப்படுத்தப்பட்ட மனையா, அல்லது முறையான அனுமதி பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டட அனுமதி கிடைக்காது. மலையோரக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்பு, தனியார் காடு ஆகிய சட்டங்களின் கட்டுப்பாடு உண்டு. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். நஞ்சையை நிரப்பிய மனை என்றால், நிலவகை மாற்றம் முறைப்படி நடந்ததா என்று கேட்பதோடு, நிரப்பி எத்தனை மழை ஆயிற்று என்றும் கேளுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் வீட்டுமனை வாங்கத் தடையில்லை; ஆனால் அயலகத்தில் வசிப்பவர் என்ற நிலையில் இருக்கும்போது ரப்பர்த் தோட்டத்தையோ விளைநிலத்தையோ வாங்க அன்னியச் செலாவணி விதி இடம் தராது.

அனுமதி வேண்டாம் என்பவரை நம்பாதீர்கள்

"இது கழற்றி மாட்டும் வீடு, பிளான் அப்ரூவல் தேவையில்லை" என்று விற்பனையாளர் சிலர் சொல்வதுண்டு. தவறு. எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும், மனிதர் குடியிருக்க நிலத்தில் நிறுவும் அமைப்பு கட்டடமே. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அதற்குப் பொருந்தும். அனுமதி இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காது, மின் இணைப்பில் இடர்ப்பாடு வரும், விற்கும்போது விலை இறங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை சிறு வீடுகளுக்குப் பெரும் உதவி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்து சென்ட் புரையிடம் வைத்திருப்பவர்கள் வழக்கமான முறையில், பேரூராட்சியோ ஊராட்சியோ நகராட்சியோ நாகர்கோவில் மாநகராட்சியோ, உரிய உள்ளாட்சியின் வழியே செல்ல வேண்டும். வரைபடத்தில் நிறுவனம் கொடுத்த பொது மாதிரியை ஒட்டாமல், உங்கள் மனையின் அளவோடு, நான்கு பக்க இடைவெளியும் காட்டி, பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு வரைந்து வாங்குங்கள்.

ஜிஎஸ்டி: எங்கே தவிர்க்க முடியாது, எங்கே மிச்சப்படுத்தலாம்

முன்தயாரிப்புக் கட்டடத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதே நிறுவனம் பொருளும் கொண்டுவந்து வேலையும் செய்து சாவி கொடுக்கும் ஒப்பந்தமாக எழுதினாலும், தனி வீட்டுக்கு 18 சதவீதமே. தொழிற்சாலை கேரளத்திலோ கர்நாடகத்திலோ இருந்தால் பில்லில் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும், தமிழ்நாட்டில் இருந்தால் 9, 9 என்று பிரித்து வரும், தொகை ஒன்றே. குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை எந்த வழியிலும் திரும்பப் பெற முடியாது. ஆகையால் விலை பேசும்போதே வரி உட்பட எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி, சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று விலைப்புள்ளி வந்ததாகக் கொள்வோம். கூட்டின் விலை 14,40,000. அதன் மேல் 18 சதவீதம் 2,59,200. ஆக 16,99,200 ரூபாய். பேச்சில் பதினாலரை லட்சத்துக்குள் என்றிருந்த வீடு, லாரி ஏறும் முன்பே பதினேழு லட்சத்தைத் தொட்டுவிட்டது. 1,800 என்பது எடுத்துக்காட்டுக்காக நான் வைத்த எண். உங்கள் விலைப்புள்ளியை அதே இடத்தில் வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சப்படுத்தக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது சட்டப்படியானது. தனியாக நிற்கும் ஒரே வீட்டைக் கட்டுவதற்கான கூலி ஒப்பந்தத்துக்கு, பொருள் எதுவும் சேராமல் வேலைக்கூலி மட்டுமாக இருந்தால், ஜிஎஸ்டி விலக்கு உள்ளது. எனவே அஸ்திவாரம், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், டைல்ஸ் பதிப்பது, வண்ணம் பூசுவது ஆகியவற்றை நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு, சிமெண்டும் கம்பியும் டைல்ஸும் நீங்களே பில்லோடு வாங்கி, உள்ளூர்க் கொத்தனாரிடமும் பெயிண்டரிடமும் கூலிக்கு விட்டால், கூலிப் பங்கின் மேல் 18 சதவீதம் விழாது. நிறுவனத்தின் லாபப் பங்கும் மிஞ்சும். சிமெண்டின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் இந்த வழி இப்போது முன்பைவிடச் சாதகமானது. ஆனால் கூட்டை எழுப்பும் வேலையை மட்டும் பிரிக்காதீர்கள். சட்டம் ஒருவர், பலகை ஒருவர், திருகு அடிப்பவர் ஒருவர் என்று பிரித்தால், கசிவு வந்த நாளில் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். மிச்சம் பிடித்த வரியைப் போல் இரு மடங்கு பழுதுக்குப் போய்விடும்.

பில் வேண்டாம் என்றால் வரியைக் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்பவருக்கு இணங்காதீர்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் இல்லை, வங்கி பணம் விடுவிக்காது, வருமான வரிக் கணக்கிலும் வீட்டின் செலவைக் காட்ட இயலாது. வேறு மாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வரும்போது இ-வே பில்லும் (சரக்குப் போக்குவரத்துக்கான இணையவழிச் சீட்டு) கூடவே வர வேண்டும். இல்லாமல் வந்த லாரி வழியில் நிறுத்தப்பட்டால் தாமதம் உங்கள் தலையில்தான் விழும்.

ஒப்பந்தமும் பணம் கொடுக்கும் முறையும்

வடிவமைப்புக்கு முன்பணம் பத்து சதவீதம், தொழிற்சாலையில் சட்டம் தயாரானதை நேரில் பார்த்த பின் முப்பது, மனையில் இறக்கிய பின் முப்பது, கூரை மூடியதும் இருபது, கடைசிப் பத்து சதவீதம் சாரலும் கார்த்திகை மழையும் கழிந்த பிறகு. இந்த ஒழுங்கை நிறுவனங்கள் எளிதில் ஒப்புக்கொள்ளா. அனுப்பும் முன்பே தொண்ணூறு சதவீதம் கேட்பார்கள். மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும் கடைசிப் பத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒப்பந்தத் தொகைக்கு மேல் இன்னும் கால் பங்கை அதில் சேராத வேலைகளுக்கென்று தனியே எடுத்து வைத்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒரே ஆண்டில் ஒரே ஒப்பந்ததாரருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் பெரிய வீடு என்றால், தனிநபரும் 2 சதவீதம் வரி பிடித்துச் செலுத்த வேண்டும்.

லாரி வரும் வழியை முன்கூட்டி அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த லாரி, பெரிய சாலையிலிருந்து முடுக்குக்குத் திரும்பும் இடத்தில் இருந்த கல்மதிலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. பலகைகளை அங்கேயே இறக்கி, முந்நூறு அடி தூரம் ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். மூலை உடைந்த பலகைகள் ஒன்பது. இறக்குகூலியும் உடைந்த பலகையும் யார் கணக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. முடுக்கின் அகலம், வளைவு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, குறுக்கே சாய்ந்த தென்னை ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, "மனையில் இறக்கி அடுக்குவது வரை" என்ற சொற்களோடு விலை வாங்குங்கள்.

பேஸ்மெண்ட்

காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. கார்த்திகை மழை ஓய்ந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தை, மாசியில் கூட்டை எழுப்பி, சித்திரைக்குள் வெளிப்புற அடைப்பு வேலைகளை முடித்துவிட்டால், வைகாசிக் கடைசியில் சாரல் தொடங்கும்போது வீடு மழைக்குத் தயாராக இருக்கும்.

கருங்கல் அஸ்திவாரமும் அதன் மேல் கான்கிரீட் பெல்ட்டும் இந்த வீட்டுக்குத் தாராளம். கூட்டின் எடை செங்கல் வீட்டைவிட மிகக் குறைவு. எடை குறைவு என்பதாலேயே காற்று தூக்கும் அபாயம் கூடுதல் என்பதை மறக்கக் கூடாது. நங்கூர போல்ட்டுகளின் இடமும் ஆழமும் நிறுவனத்தின் வரைபடத்தில் உள்ளபடியே அமைய வேண்டும். பெல்ட்டின் மேல்மட்டம் நான்கு மூலைக்கும் ஒன்றாக இருக்க, கொத்தனார் டியூப் லெவல் பிடிக்கும்போது நிறுவனத்தின் ஆள் ஒருவரும் உடன் நிற்கட்டும். செங்கல் சுவரில் கால் அங்குல ஏற்றத்தாழ்வைச் சாந்தில் சரிசெய்யலாம். தொழிற்சாலையில் வெட்டிய சட்டத்தில் அது கதவு மூடாத குறையாக வந்து நிற்கும். பேஸ்மெண்ட் வெளித்தரையைவிட இரண்டடி உயரமாவது இருக்கட்டும். பெல்ட்டுக்கும் எஃகுக்கும் இடையே ஈரம் ஏறாத தடுப்புத் தாள் கட்டாயம். எஃகைக் கறையான் அரிக்காது என்று சொல்லிக் கறையான் மருந்தைத் தவிர்ப்பார்கள். அது கதவு நிலைக்கும் அலமாரிக்கும் சுவருக்குள்ளே வழி தேடி ஏறும். ஆகவே தரை போடும் முன் மருந்து அடித்தே ஆக வேண்டும்.

ஃபினிஷிங்: இங்கேதான் வீடு உருவாகிறது

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றால் கூரையின் இறவாரத்தை நின்று பாருங்கள். உத்திரமும் கைமரமும் தரையிலேயே செதுக்கிப் பொருத்துவாய் வெட்டி மேலே ஏற்றும் மரபில் வந்த ஆசாரிகள், சுவரில் மழை படாதபடி கூரையைத் தாழ்வாகவும் நீளமாகவும் இறக்கியிருக்கிறார்கள். நம் மாடுலர் வீடுகளின் படங்களில் காணும் பெட்டி போன்ற, இறவாரமே இல்லாத வடிவம் இந்த மழைக்கு ஒவ்வாது. இரண்டரை அடி இறவாரம் கேளுங்கள். விலை கூடினாலும் கொடுங்கள். சுவரில் அடிக்கும் மழையில் பெரும்பகுதி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும்.

கூரைத் தகட்டைத் தளத்தில் கட்டிங் வீல் கொண்டு அறுக்க விடாதீர்கள். தெறிக்கும் பொறி தகட்டின் வண்ணத்தில் ஒட்டிச் சில வாரங்களில் துருப்புள்ளியாக மாறும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். அன்றாடம் மாலையில் கூரையிலிருக்கும் இரும்புத்தூளைப் பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். திருகுகள் தகடு நிறுவனமே அந்தப் பூச்சுக்கென்று பரிந்துரைக்கும் வகையாக இருக்கட்டும்; ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அதுவே ஓட்டையாகும். ஏசியின் குளிர்நீர்க் குழாயைக் கூரைமேல் சொட்ட விடாமல் நேரே தரைக்கு இறக்குங்கள். செப்பைத் தொட்டு வரும் நீர் அலுமினியம்-துத்தநாகப் பூச்சை அரிக்கும். வீட்டின் மேல் தென்னை சாய்ந்திருந்தால் காய் விழுந்து தகடு குழியும். வீடு எழுமுன் மரத்தைப் பற்றி முடிவெடுங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே இரண்டு அங்குல ராக் உல் வெயிலையும் தடுக்கும், அடைமழையில் பேச்சுக் கேட்காதபடி எழும் தகட்டு இரைச்சலையும் தணிக்கும்.

சன்னல்தான் எங்கள் வீட்டில் பாடம் கற்பித்த இடம். முதல் ஆடிச்சாரலில் தென்மேற்கு அறையின் சன்னலுக்குக் கீழே பலகை ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்து, விரலால் அழுத்தினால் குழைந்தது. திறந்து பார்த்தபோது சன்னலுக்கு மேலே நீரை வெளியே தள்ளும் தகரமே வைத்திருக்கவில்லை. சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் மட்டும் தடவியிருந்தார்கள். மழை மேலிருந்து இறங்கிச் சட்டத்தின் பின்னால் போய்த் தேங்கியிருக்கிறது. சன்னல் வைக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். மேலே வளைத்த தகரம், கீழே வெளிப்புறம் சரிந்த சன்னல் அடிப்பலகை, சுற்றிலும் நீர்த்தடுப்பு நாடா, அதன் பிறகே அடைப்புப் பசை. மேலே சன்ஷேடும் இருந்தால் நல்லது.

பலகைகளுக்கு இடையிலான இணைப்பில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெளிப்புறத்தில் பாலியூரித்தேன் பசையால் அடைக்க வேண்டும். சாதாரணச் சிலிக்கானில் வண்ணம் ஒட்டாது. உட்புறத்தில் வலை நாடா ஒட்டிப் பட்டி பார்த்தால் மயிரிழை வெடிப்பு குறையும். பட்டியைச் சாரல் காலத்தில் பார்க்காதீர்கள். உலராத பட்டியின் மேல் பூசிய வண்ணம் ஆறு மாதத்தில் செதிலாக உரியும்.

குளியலறையில் டைல்ஸ் பதிக்கும் முன், தரையிலும் ஆளுயரம் வரை சுவரிலும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்து, வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு பகலும் ஓர் இரவும் நிற்கட்டும். அளவு குறைந்தால் எங்கே போயிற்று என்று கண்டுபிடித்த பிறகே டைல்ஸ். இந்த ஒரு நாளைச் சேமிப்பதற்காக யாராவது அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள்.

சுவர் மூடும் முன் குடும்பத்தோடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். மின்விசிறி எங்கே, தொட்டில் கட்டும் கொக்கி எங்கே, அடுக்களை அலமாரி, வெந்நீர் கீசர், டிவி, சாமிப்பட மாடம் எங்கே என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள். இந்தச் சுவரில் பிறகு ஆணியடித்தால் கனம் தாங்காது. குறித்த இடங்களில் உள்ளே எஃகுப் பட்டையோ கனத்த பிளைவுட்டோ வைத்தால்தான் தாங்கும். தொட்டிலைப் பற்றி எங்கள் அம்மா கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அளவு நாடாவைச் சுவரோடு பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். மின்குழாய் எங்கே ஓடுகிறது என்று பின்னாளில் தேட வேண்டியிராது.

எஃகுச் சட்டத்தின் துளைகளில் வயர் நேரடியாக உரசக் கூடாது. ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் வேண்டும். சட்டம் முழுவதையும் எர்த்தோடு இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பான் வைக்காமல் மின்சாரம் ஏற்றாதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

கடனும் வருமான வரியும்

வங்கிகள் மாடுலர் வீட்டுக்குக் கடன் தரத் தயங்குவது, அது அசையும் பொருளோ என்ற ஐயத்தால். அஸ்திவாரத்தோடு போல்ட் இறுகிய வரைபடம், கட்டட அனுமதி, பொறியாளர் சான்று, தொழில்நுட்பத்துக்குக் கட்டடப் பொருள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுமம் வழங்கிய செயல்திறன் சான்றிதழ் இருந்தால் அதுவும் சேர்த்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கிளை மேலாளரிடம் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் மூன்றரை லட்சம் ரூபாய் உதவியை எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும் என்பதால் தகட்டுக் கூரை வீடு பொருந்தாது.

பழைய வரி முறையில் இருப்பவர்கள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். அசலையும் பத்திரச் செலவையும் ஒன்றரை லட்சம் வரம்புக்குள் காட்டலாம். கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடிய வேண்டும். இல்லையெனில் வட்டிக் கழிவு 30,000 ரூபாயாகச் சுருங்கும். புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவுகள் இல்லை. பழைய வீட்டை விற்ற லாபத்தில் இதைக் கட்டுபவர்கள், விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கட்டி முடித்தால் அந்த லாபத்துக்கு வரி விலக்குப் பெறலாம். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் செலவழியாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இது வீடுதான் என்பதற்கு அனுமதி ஆணை, வீட்டு வரி ரசீது, மின் அட்டை மூன்றும் ஒரே பெயரில் இருப்பது மிக முக்கியம்.

குடியேறிய பின்

கட்டும்போது வாங்கிய தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வேலை முடிந்த அன்றே வீட்டு உபயோகப் பிரிவுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அதன் பிறகுதான் கிடைக்கும். உள்ளாட்சியில் சொத்து வரி விதிக்க நீங்களே விண்ணப்பம் கொடுங்கள். நகரப் பகுதியில் அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு, முதல் சாரலில் காற்று பலமாக அடிக்கும் ஓர் இரவில் டார்ச் விளக்கோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தென்மேற்குச் சுவரின் உட்புறம், சன்னல் அடிப்பாகம், குளியலறைக்கு வெளிச்சுவர், கூரை முகட்டுக்குக் கீழே சீலிங் ஆகிய நான்கையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்ட இடத்தைத் தேதியோடு படமெடுத்து நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். கார்த்திகை மழையும் கழிந்து, அதே இடங்கள் உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, வைத்திருந்த பத்து சதவீதத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.